மறதி நோட்டு

அத்தியாயம் பதினொன்று

நோட்டைப் பிரிக்க மாட்டேன் என்று சத்யபிரியாவிடம் சத்தியம் செய்திருந்தேன். போன வாரம் கதை அங்கேதான் நின்றது. உங்களில் சிலர் ஒரு வாரமாக அதை நம்பிக்கொண்டும் இருந்திருப்பீர்கள்.

பிரித்துவிட்டேன்.

கீரமங்கலத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு கொரியர் வந்தால், உள்ளே இருப்பது வளையலா செருப்பா என்று எனக்குத் தெரியாமல் வண்டி நகராது. வாசலில் உட்கார்ந்து கமிஷன் கடைக்குப் பூக்கட்டிக் கொடுப்பது என் வேலை. கைக்குத்தான் வேலை, கண்ணும் காதும் சும்மாதான் இருக்கின்றன. அப்பேர்ப்பட்ட சொர்ணவல்லியைத் தேடி வந்து ஒருத்தி நோட்டைக் கொடுத்து, "அக்கா, வீட்ல ஒறமொறைக்காரங்க வந்து எறங்கிட்டாங்க. யாராச்சும் பாத்தா அசிங்கம். காதுகுத்து முடியிற வரைக்கும் ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள் என்றால், அவளுக்கு இந்த ஊரில் வேறு நாதியில்லை என்று அர்த்தம். வாங்கி வைத்த வெள்ளிக்கிழமை எனக்கு அது உறைக்கவில்லை. நோட்டு கனமாக இருக்கிறதே என்றுதான் பட்டது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக: சத்யபிரியா என் எதிர்வீடு. அவள் வீட்டுக்காரர் ஆனந்தராஜ் பத்திர எழுத்தர். குடி கிடையாது, குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, கை நீட்டியதில்லை. பகலில் நாலு தடவை போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பார். கொடுத்துவைத்தவள் என்று தெருவே சொல்லும். அவளுக்குத்தான் மறதி. சாவியை வைத்த இடம் தெரியாது, சொன்னது நினைவிருக்காது. 'பாவம், அந்தத் தம்பி எப்படித்தான் பொறுத்துப் போறாரோ' என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே மகள் அறிவுமதிக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லை. சத்யாவின் அண்ணன் மலையாண்டி அன்னவாசலில் லோடு வண்டி ஓட்டுகிறார். நாலு வருஷமாகப் போக்குவரத்து இல்லை.

ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக நோட்டைப் பிரித்தேன்.

நூறு பக்க நோட்டு. அட்டையில் லேபிள் ஒட்டி, 'ஞாபகக் குறிப்பு' என்று எழுதியிருந்தது. முதல் பக்கத்தில் ஆனந்தராஜின் கையெழுத்து, முத்து முத்தாக: 'நான் சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதி வைப்பது.'

வீட்டுமனை விற்கிறவர்கள் எழுதிக் கொடுக்கிற வாசகம் இது. பெண்டாட்டி நோட்டில் இதற்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே புரட்டினேன்.

அடுத்த பக்கத்திலிருந்து சத்யா எழுதியது. ஒவ்வொன்றுக்கும் தேதி, கீழே அவள் கையெழுத்து. அறுபத்தொன்று இருந்தன.

'பீரோ சாவியைத் தொலைத்தேன். அவர்தான் தேடி எடுத்தார்.' 'மதியின் தடுப்பூசி நாளை மறந்தேன். அவர் சொல்லியிருந்தார், எனக்குத்தான் ஞாபகம் இல்லை.' இப்படியே போயிற்று. படிக்கப் படிக்க முதலில் எனக்கு அவள்மேல்தான் பரிதாபம். பிப்ரவரி பதினாலில் வந்து கை நின்றது.

'காலையில் கேஸ் அடுப்பை அணைக்காமல் பால் வாங்கப் போய்விட்டேன். அவர் வந்து அணைக்காவிட்டால் மதி எரிந்துபோயிருப்பாள்.'

பிப்ரவரி பதினாலு எனக்கு மறக்காது. வருஷத்தில் ரோஜாவுக்கு அடிதடி நடக்கிற நாள் அது. முந்தின நாள் ராத்திரி அவள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. அன்று காலை சோறு, குழம்பு, பிள்ளைக்குப் பால் எல்லாம் என் அடுப்பில் பொங்கியவை. சிலிண்டர் வந்தது சாயங்காலம் நாலரைக்கு. சிலிண்டரே இல்லாத அடுப்பு எப்படி எரிந்தது?

திருப்பிப் படித்தேன். அவள் கையெழுத்துதான். அவளே நம்பித்தான் எழுதியிருக்கிறாள்.

அப்புறம் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை வேறு கண்ணால். 'பால்காரரிடம் சிரித்துப் பேசினேன். அவர் கேட்டபோது பேசவில்லை என்று பொய் சொன்னேன். பொய் சொன்னதும் எனக்கு ஞாபகம் இல்லை.'

சிரித்தாள் என்று ஆனந்தராஜிடம் சொன்னது நான்.

சாயங்காலம் பைக்கை நிறுத்திவிட்டு, "என்னக்கா, மல்லி வரத்து எப்பிடி? நம்ம வீட்டுக்கு இன்னைக்கு யாரும் வந்தாங்களா?" என்பார். என் பூவைப் பற்றி விசாரிக்கிற ஒரே ஆம்பிளை. நானும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். பால்காரர் வந்தது, அவள் ஜாக்கெட் தைக்கப் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது, தெருமுனையில் நின்று யாரிடமோ பேசியது. அக்கறை என்று நினைத்தேன். அந்த நோட்டில் பாதி என் வாயிலிருந்து போனது. எத்தனையோ வீடுகளில் இப்போது வாசலுக்குக் கேமரா மாட்டுகிறார்கள். ஆனந்தராஜ் மாட்டவில்லை. எதற்கு மாட்ட வேண்டும்?

இன்னும் ஒன்று இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய ஆனி மாதம். 'அண்ணன் வந்து வாசலில் நின்று அவரை மரியாதை இல்லாமல் பேசி, இனி எனக்குத் தங்கச்சி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேனாம். அவர் சொல்லித்தான் தெரியும்.'

மலையாண்டி அன்று வந்தது உண்மை. தோளில் ஒரு பலாப்பழம். ஆனந்தராஜ் கேட்டைத் திறக்கவில்லை. "அவ ஒங்களப் பாக்க விரும்பல மச்சான். எனக்கே சங்கடமா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ரொம்ப நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பழத்தை என் வாசலில் இறக்கி வைத்தார். "அக்கா, புள்ளைக்கு ரெண்டு சுளை குடுத்துருங்க" என்றார். அவர் போனதும் ஆனந்தராஜ் வந்து, "இது அவளுக்குத் தெரிய வேணாங்க்கா, மனசு ஒடஞ்சுருவா" என்றார்.

நான் சொல்லவில்லை. என் ஆயுசில் வாயைத் திறக்காமல் இருந்த ஒரே சமாச்சாரம் அதுதான். பலாப்பழத்தை நானும் அக்கம்பக்கமும் தின்று தீர்த்தோம். நல்ல பழம்.

கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்கு வந்தேன். அது ஆனந்தராஜின் கையெழுத்து. தேதி அன்றைக்கே, ஞாயிறு. பத்திரக்காரர்கள் தேதியை முன்கூட்டியே போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள்.

'என் மகள் அறிவுமதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை என்பதை உணர்கிறேன். மகள் விஷயத்தில் என் கணவர் எடுக்கும் எல்லா முடிவுகளுக்கும் சம்மதிக்கிறேன். என் பிறந்த வீட்டார் யாரும் அவளை வந்து பார்க்கக் கூடாது என்பது என் சொந்த விருப்பம்.'

கீழே ஒரு கோடு. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

பூக்கூடை வந்து இறங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை. கோயிலிலிருந்து திரும்பி வந்ததும், களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், ஒரு டம்ளர் காபியோடு சேர்த்து இதை நீட்டியிருப்பார். அவளும் போட்டிருப்பாள். ஏற்கனவே அறுபத்தொன்று போட்ட கைதானே.

நிமிர்ந்து பார்த்தேன். மணி ஆறரை. எதிர்வீட்டு வாசலில் ஆனந்தராஜ் வேட்டி சட்டையில் நின்றார். கையிலிருந்த சிவப்பு நகைப்பெட்டியைப் பைக்கின் சைடு பாக்ஸில் வைத்துப் பூட்டினார். ஜன்னலில் சத்யா தலைவாரிக்கொண்டிருந்தாள். ஆனந்தராஜ் என்னைப் பார்த்து, "மாலை ரெடியாக்கா?" என்று கேட்டார். "ஆச்சு தம்பி" என்றேன்.

*

மலையாண்டியின் நம்பர் கமிஷன் கடையில் இருந்தது. வாழை லோடு ஏற்ற எப்போதோ வந்திருக்கிறார். ஏழு மணிக்குப் போன் போட்டேன்.

"யாருங்க?"

"கீரமங்கலத்துலேருந்து சொர்ணவல்லி பேசுறேன். சத்யா வீட்டுக்கு எதுத்த வீடு. பலாப்பழம் குடுத்தீகளே."

"தங்கச்சிக்கு எதுவும் ஆயிருச்சாக்கா?" என்றார்.

"இன்னைக்கு மதிக்குக் காதுகுத்து. ஒங்களுக்குச் சொன்னாகளா?"

"இல்லக்கா."

"நீங்க வரணும்."

"நான் எப்பிடிக்கா வாரது? என் மொகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிருச்சுன்னு மாப்ள சொன்னாரே."

"அத சத்யா வாயால கேட்டீகளா?"

"இல்ல."

"அவளும் ஒங்க வாயால எதையும் கேக்கல. நீங்க தங்கச்சியே இல்லன்னு சொல்லிட்டுப் போனீகன்னு எழுதி வச்சிருக்கா."

"நானா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நாலு வருஷம் இருந்தது. அப்புறம், "அடிக்கிறாராக்கா?" என்று கேட்டார்.

"அடிக்கல. அடிச்சிருந்தா நாங்களே பாத்து என்னன்னு கேட்டிருப்போம்."

"வண்டில ஜல்லி இருக்கு. எறக்கிட்டு வாரேன். எத்தன மணிக்கு?"

"பத்தரைக்குள்ள. நான் இழுத்துப் பிடிக்கிறேன்."

எப்படி இழுப்பேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

*

கோயில் ஊருக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளைத் தாண்டி. மண்குதிரைகளுக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். ஓரமாக மேஜை போட்டு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மொய் எழுத உட்கார்ந்திருந்தார். பழக்கம் விடவில்லை, பச்சை மை பேனா. நான் பூக்கூடையோடு போய் இறங்கினேன். நோட்டு கூடையின் அடியில், ஈரத்துணிக்குக் கீழே பிளாஸ்டிக் பையில் இருந்தது.

மொட்டை முடிந்துவிட்டது. மதி சந்தனம் பூசிய தலையோடு, திருப்பதி என்பவரின் மடியில் இருந்தாள். திருப்பதி சத்யாவுக்குத் தூரத்து அண்ணன் முறை. எவ்வளவு தூரம் என்று அவருக்கே தெரியாது. ஆனந்தராஜ் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். சாப்பாடு எப்போது என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லை.

"சொந்தத் தாய்மாமன் வரலையாப்பா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

ஆனந்தராஜ் வருத்தமாகச் சிரித்தார். "நான் கூப்புடணும்னுதான் சொன்னேன் பெரியப்பா. சத்யாதான் வேணாம்னுட்டா. இல்லையா சத்யா?"

சத்யா தலையை ஆட்டினாள். பட்டுச்சேலையில் அவ்வளவு அழகாக இருந்தாள். கை மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது.

மணி ஒன்பதே கால். ஆசாரி சாமானை எடுத்து வைத்தார். "மாலையக் குடுங்க, ஆரம்பிச்சுரலாம்."

மாலை கட்டுகிறவள் மனசு வைத்தால் முகூர்த்தத்தை ஒரு மணி நேரம் நகர்த்தலாம். கூடைக்குள் கையை விட்டு, கட்டிய மாலையின் நாரை நடுவில் இழுத்துவிட்டேன். ஒரு முழம் உதிர்ந்தது.

"அய்யய்யோ, அவுந்து போச்சே. கோத்துத் தாரேன், ஒக்காருங்க. சத்யா, செத்த இங்கிட்டு வா, நாரப் பிடி."

ஆனந்தராஜ் என்னைப் பார்த்தார். "நான் பிடிக்கிறேங்க்கா."

"ஆம்பளைக்கு இந்த நாரு கைல நிக்காது தம்பி. நீங்க போயி வந்தவுகளக் கவனிங்க."

வேப்பமரத்துக்குப் பின்னால் அவளை உட்கார வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஊர் வம்பு என்றால் எனக்குத் தண்ணீராக வரும். இதற்கு வாய் ஒட்டிக்கொண்டது.

"நோட்டப் படிச்சுட்டேன்."

அவள் கோபப்படவில்லை. "தெரியும்க்கா. நீங்க படிப்பீங்கன்னு" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப தெரிஞ்சிருச்சா நான் எப்பிடின்னு? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்காரு. மதிய ஏதாச்சும் பண்ணிருவேனோன்னு எனக்கே பயமா இருக்கு."

"பிப்ரவரி பதினாலு அன்னைக்கு நீ எங்க சமைச்ச?"

"எங்க வீட்ல."

"நல்லா நெனச்சுப் பாரு. ரோசாப்பூக் கூடைய நகத்திட்டுத்தான் ஒனக்கு எடம் குடுத்தேன். குழம்புக்கு என்கிட்டதான் புளி வாங்குன."

அவள் என்னையே பார்த்தாள். உதடு அசைந்தது. "சிலிண்டர்..." என்றாள்.

"சாயங்காலம் நாலரைக்கு வந்துச்சு. அந்தப் பய தூக்கிட்டு வாரப்ப என் கூடைய இடிச்சான், நான் திட்டுனேன்."

"அப்ப காலைல அடுப்பு..."

"எரியல சத்யா. எரிய வழியே இல்ல."

நாரைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அப்புறம் தைரியம் வராது. பால்காரரைப் பற்றிச் சொன்னது நான் என்றேன். பலாப்பழத்தைச் சொன்னேன். அவள் அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றதைச் சொன்னேன்.

அழுவாள் என்று எதிர்பார்த்து, துடைத்துவிட முந்தானையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

"நாலு வருசம்" என்றாள். "தெனமும் ஒங்க வாசல்ல வந்து ஒக்காந்திருக்கேன். தெருவுல எந்த நாயி குட்டி போட்டுச்சுன்னு சொல்லுவீங்க. இத ஏன்க்கா சொல்லல?"

கீழே கிடந்த பூவை எடுத்து நாரில் கோத்தேன்.

"ஒண்ணு கேக்கவா" என்றேன் மெதுவாக. "காலைல தலைவாரிக்கிட்டு ஜன்னல்ல நின்னியே. அவரு என்ன பண்ணாரு?"

"தோட்டுப் பெட்டிய வண்டில வச்ச மாதிரி இருந்துச்சு." உடனே தலையை உலுக்கினாள். "அப்பிடித் தோணிருக்கும். நேத்தே எங்கிட்ட குடுத்துட்டாராம். நான் எங்க வச்சேன்னு தெரியல. விடிஞ்சதுலேருந்து தேடிக்கிட்டு இருக்கேன்."

"நானும் பாத்தேன். சைடு பாக்ஸ்ல வச்சுப் பூட்டுனாரு."

அவள் முகத்தில் என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. பலகாலம் காது அடைத்திருந்தவருக்குத் திடீரென்று திறந்தால் எப்படி இருக்கும், அப்படி. கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். நோட்டை மடக்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "மாலையக் கட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

பத்து மணிக்கு மேல் என்னால் இழுக்க முடியவில்லை. மாலை மதியின் கழுத்துக்குப் போனது. ஆசாரி கையை நீட்டினார். "தோட்டக் குடுங்க."

ஆனந்தராஜ் சத்யாவைத் திரும்பிப் பார்த்தார். "குடும்மா."

"எங்கிட்ட இல்ல."

"நேத்து ராத்திரி ஒங்கிட்டதானே குடுத்தேன்." சபைக்குக் கேட்கிற மாதிரி, ஆனால் கத்தாமல். "பத்திரம், பத்திரம்னு ரெண்டு தடவ சொன்னேனே. சரி, பரவால்ல, பதறாத. எங்க வச்சேன்னு மெதுவா யோசி."

பெண்கள் கூட்டத்தில் உச்சுக் கொட்டும் சத்தம் கேட்டது. பாவம், அவர் எவ்வளவு பொறுமை. போன வாரம் வரை அந்தச் சத்தத்தில் என்னுடையதும் இருந்திருக்கும்.

சத்யா நிமிர்ந்து நின்றாள்.

"ஒங்க வண்டி சைடு பாக்ஸ்ல இருக்கு."

"என்னம்மா?"

"காலைல ஆறரைக்கு நீங்க வச்சீங்க. நான் பாத்தேன்."

ஆனந்தராஜ் சிரித்தார். "கனவு கண்டிருப்ப. நல்லா யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டேன்."

"சத்யா." அந்தக் கூப்பிடுதலில் சத்தமே இல்லை. அவள் ஒரு அடி பின்னால் போனாள். முடிந்தது, இதோ தலையை ஆட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தம்பி," என்று கூப்பிட்டேன். கூட்டம் திரும்பியது. "நானும் பாத்தேன். வாசல்லதானே ஒக்காந்திருந்தேன். மாலை ரெடியான்னுகூடக் கேட்டீகளே."

ஆனந்தராஜ் என்னைப் பார்த்தார். பதினோரு வாரமாக உங்களுக்கு நான் எழுதுகிற அந்த மென்மையான கண்ணை அன்றுதான் நேராகப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை.

இதற்குள் திருப்பதி, சாப்பாடு தள்ளிப் போகிறதே என்ற கவலையில் எழுந்துவிட்டார். "இதுக்கு என்னத்துக்கு மாப்ள பேச்சு? சாவியக் குடுங்க, பாத்துட்டு வந்துர்றேன்." பதிலுக்குக் காத்திராமல், பக்கத்தில் நாற்காலியில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு போனார். சிவப்புப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார்.

ஒரு நொடிதான். ஆனந்தராஜ் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, நான்தான் மறந்துட்டேன் போல. இவகூட இருந்து இருந்து எனக்கும் ஒட்டிக்கிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசாரியும் சிரித்தார். சத்யா சிரிக்கவில்லை. சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அப்போதுதான் தோப்புப் பாதையில் லாரி ஹாரன் கேட்டது.

மலையாண்டி சட்டையெல்லாம் ஜல்லித் தூசியோடு இறங்கினார். கையில் வாழைப்பழத் தாரும் ஒரு துணிக்கடைப் பையும். சாமியானாவின் நிழலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்ற அதே நிற்பு.

ஆனந்தராஜ்தான் முதலில் போனார். "வாங்க மச்சான், வாங்க. வர மாட்டீங்கன்னு நெனச்சோம்." கையைப் பிடித்தார். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவ்வளவு பிரியம்.

மலையாண்டி கையை விடுவித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். "நான் வாரது ஒனக்குப் புடிக்கலேன்னா சொல்லு ஆத்தா. இப்பயே போயிர்றேன். ஒன் வாயால சொன்னாப் போதும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆனந்தராஜும்.

"ஒக்காருண்ணே," என்றாள் சத்யா. "நேரமாகுது."

திருப்பதி நிம்மதியாக எழுந்து பந்தி பக்கம் போனார். மதிக்கு இந்த மாமாவைத் தெரியாது. மலையாண்டி துணிக்கடைப் பையிலிருந்து ஒரு பட்டுப்பாவாடையை எடுத்தார். சின்னது. "மூணு வயசுல குத்துவீகன்னு நெனச்சு எடுத்து வச்சது. இப்பப் பத்தாது" என்று யாரிடமோ சொல்லுவதுபோல் சொன்னார். மதி அதை வாங்கித் தன் மொட்டைத் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டு, அப்படியே அவர் மடியில் உட்கார்ந்தாள். பத்து இருபத்தைந்துக்குக் காது குத்தியாயிற்று. அவள் போட்ட கூச்சலில் மலையாண்டி அழுதது யார் காதிலும் விழவில்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் மலையாண்டி எல்லோருக்கும் நடுவில் கேட்டார். "மாப்ள, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. காது குத்துன புள்ளைய மாமன் வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆத்தாளையும் மகளையும் அனுப்பி வைங்க."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். இந்த ஊரில் இதற்கு இல்லை என்று சொன்னவர் கிடையாது. ஆனந்தராஜ் சத்யாவைப் பார்த்தார்.

"போயிட்டு வாரேன்" என்று அவள் கேட்கவில்லை. சொன்னாள்.

"தாராளமா. ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும். புதன்கிழமை நானே வந்து கூட்டிக்கிறேன்." மதியின் கன்னத்தைத் தட்டினார்.

வண்டியில் ஏறுவதற்கு முன் சத்யா என்னிடம் வந்தாள். பூக்கூடையில் மிச்சமிருந்த மல்லிகையைக் கையை விட்டு அள்ளித் தலையில் வைத்துக்கொண்டாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படியெல்லாம் தெரியவில்லை. "வாரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

லாரி தோப்பைத் தாண்டும்வரை நின்று கையசைத்துவிட்டு, ஆனந்தராஜ் என் பக்கம் வந்தார். மொய் எழுதிய வாத்தியார் குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, இன்னைக்கு மல்லி வரத்து எப்பிடி?"

"சுமார்தான் தம்பி."

"சத்யா ஒரு நோட்டு குடுத்திருப்பாளே. வெள்ளிக்கிழமை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். முப்பது வருஷத்துக் கல்யாணத்தையும் கருமாதியையும் தேதியோடு சொல்கிறவள் நான்.

"எந்த நோட்டு? எனக்கு ஞாபகமே இல்லையே."

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்த மாதிரி இருந்தது. "பரவால்லக்கா. ஞாபகம் வந்தா வச்சுக்கோங்க. நான் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். அறுபத்தொண்ணும் அவ கையெழுத்து. புதன்கிழமை அவ வரலேன்னா, எங்க குடுக்கணுமோ அங்க குடுத்துக்கிறேன்."

பைக் கிளம்பிப் போனது.

என் கை தானாகக் கூடைக்குள் போனது. ஈரத்துணிக்குக் கீழே பிளாஸ்டிக் பை இருந்தது. நோட்டும் இருந்தது. கைப்பையில் கொண்டுபோனவள், பூவை அள்ளுகிற சாக்கில் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அப்புறம்தான் மேலே பார்த்தேன். ஆனந்தராஜ் எழுதியிருந்த மூன்று வரிகளின் குறுக்கே ஒரே கோடு. கோட்டுக்குக் கீழே, கையெழுத்துக்கு மேலே, நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது:

'மேலே உள்ளது நான் எழுதியது அல்ல. இன்று காலை ஆறரைக்குத் தோட்டுப் பெட்டியை அவர் வண்டியில் வைத்ததை நான் பார்த்தேன். மறக்கவில்லை.'

பச்சை மை. வாத்தியார் இன்னும் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் அவருடைய ஜெராக்ஸில் இருக்காது. ஆனால் மற்ற அறுபத்தொன்றும் இருக்கும், கோர்ட்டுக்குக் கொண்டுபோக அவருக்கு அது போதும். புதன்கிழமைக்கு மூன்று நாள்தான். நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். ஒவ்வொரு தேதியிலும் தெருவில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், சத்யா உண்மையில் எங்கே இருந்தாள் என்று என்னால் சொல்ல முடியும். வாத்தியாரிடம் போய் அவர் சட்டைப்பையில் இருந்த இன்னொரு பேனாவைக் கேட்டு வாங்கினேன்.